டோக்கன் இருநூற்றுப் பதினெட்டு

நிருபர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருத்தி என்னைப் போனில் கூப்பிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாவிடம் மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவன் கேமராவுக்குள் தலையை நுழைத்து அசிங்கமாக ஏதோ கத்திவிட்டு ஓடியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் உங்கள் ஆட்கள் அவன் வேலை பார்க்கும் கம்பெனியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அக்கா, வீடியோவை அவங்க கம்பெனிக்கு அனுப்பிறலாமா? நாளைக்கே வேலைய விட்டுத் தூக்கிருவாங்க" என்று கேட்டாள். பாதி அழுகை, பாதி ஆத்திரம்.

"அது அவன்தானா?" என்று கேட்டேன்.

"அவன்தான்க்கா. பேரு, ஊரு எல்லாம் எடுத்தாச்சு."

"பேரு இருக்கட்டும்மா. அது அவன்தானா?"

அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கிழவிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை ஏன் இரண்டு தடவை கேட்டேன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நான் நன்றாகச் செய்த வேலைகள் நிறைய உண்டு. அவற்றை வேறு யாராவது சொல்லட்டும். இது நான் சொதப்பிய வேலை, இதை நான்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. மதுரையில் அச்சாகும் ஒரு பத்திரிகைக்கு நான் ராஜபாளையம் நிருபர். ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு போன். எழுதியதைக் கவரில் போட்டு மதுரை பஸ் டிரைவரிடம் கொடுத்தால், அங்கே எங்கள் ஆள் வாங்கிக்கொள்வார். திங்கட்கிழமைதோறும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு ஒரு பகுதி எழுதுவேன். அதற்காகவே மதுரையில் இருந்த எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு டேப் ரெக்கார்டர் அனுப்பியிருந்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று பஸ் ஏறிப் போவேன். அந்த வட்டாரத்தில் அப்படித் திரிந்த பெண் நான் ஒருத்திதான். பெருமையாகத்தான் திரிந்தேன், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

அந்த மைக்தான் வினையைக் கொண்டுவந்தது. அதில் பேசினால் ரேடியோவில் வரும் என்று பாதி ஊர் நம்பியது. ஒரு நாள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பின்னாலிருந்து எட்டி மைக்கில் ஒரு வாக்கியத்தைக் கத்தினான். என் உடம்பைப் பற்றியது. அதை அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதமாட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் வேறு இருவர் அதே வாக்கியத்தைக் கத்தினார்கள். ஒரு மாதத்தில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டது. வத்திராயிருப்புச் சந்தையில் மீசை அரும்பாதவன் ஒருவன் கத்தினான். நான் ஒரு விவசாயியிடம் மாங்காய் விலை கேட்பேன், அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அந்த வாக்கியம் வரும். பிறகு விவசாயியே சிரிப்பார். அதுதான் அதிகம் வலித்தது.

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் போனில் அதிகம் பேசமாட்டார். "மைக்க வேணா திருப்பி அனுப்பிரு. நோட்டுல எழுதிக்கோ" என்றார். மைக்கை வைத்துவிட்டால் அந்தத் தெருவை அவர்களுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை மூன்றரை மணி. மில்களில் முதல் ஷிப்ட் விட்டுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஓர் அம்மாவிடம் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவன். கட்டம் போட்ட சட்டை, தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது. நண்பர்கள் மூன்று பேர் தள்ளிவிட, வந்து மைக்கில் வாயை வைத்து அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்று ஏதோ ஒரு நிதானம் வந்தது. மைக்கை அவன் பக்கமே பிடித்துக்கொண்டு, "உங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவன் சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"எல்லார்ட்டயும் பேரு கேட்டுத்தானே எழுதுறேன். நீங்களும் கருத்துச் சொல்லியிருக்கீங்க. பேரு வேணும்ல?"

சுற்றி நின்றவர்கள் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் "சங்கரபாண்டியன். டோக்கன் எரநூத்திப் பதினெட்டு" என்று மூச்சு விடாமல் சொன்னான். எந்த மில் என்று கேட்டதும் அதையும் சொன்னான். சொல்லிவிட்டு நண்பர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

மில் ஆட்களிடம் பேர் கேட்டால் டோக்கன் நம்பரும் சேர்ந்தே வரும். மில் கேட்டில் தினமும் அப்படிச் சொல்லித்தான் உள்ளே போவார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்றாலும் நான் கற்றுக்குட்டி இல்லையே, சரிபார்த்தேன். மாடிக்கு வந்து அந்த மில்லின் டைம் ஆபீசுக்குப் போன் போட்டேன். டைம் ஆபீஸ் என்றால் வருகைப் பதிவு வைத்திருக்கும் இடம்.

"டோக்கன் எரநூத்திப் பதினெட்டு யாருங்க?"

"சங்கரபாண்டியன். ஸ்பின்னிங். ஏம்மா?"

"இன்னைக்கு எந்த ஷிப்ட்?"

ஏடு புரளும் சத்தம் கேட்டது. "மொத ஷிப்ட்டு. வருகை பதிவாயிருக்கு."

பேர் சரி. நம்பர் சரி. முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு பஸ் ஸ்டாண்ட், நேரமும் சரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? செய்தி ஆசிரியர், "சரிபாத்தியா?" என்றார். "மூணு வெதமாப் பாத்துட்டேன் சார்" என்றேன். திங்கட்கிழமை இரண்டாம் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் வந்தது. பெண் நிருபரிடம் ஆபாசமாகப் பேசிய மில் தொழிலாளி, பேர், டோக்கன் நம்பர், மில்லின் பேர், எல்லாம் போட்டு.

செவ்வாய்க்கிழமை காலை மில் மேனேஜரே போன் செய்தார். "அவன வேலைய விட்டு நிறுத்தி வச்சாச்சும்மா. வீட்டுக்கு ஆர்டர் போயாச்சு. ஒரு வாரத்துல டிஸ்மிஸ். எங்க ஆளு ஒரு பொம்பளப்பிள்ளைகிட்ட இப்பிடிப் பேசினா நாங்க விடுவமா?" அதையும் எழுதினேன். அன்று சாயங்காலம் கீழே போய் நாலு சுகியன் வாங்கி வந்து ஒருத்தியாகவே தின்றேன். அவ்வளவு சந்தோஷம். அந்த வாரம் ஒருவனும் மைக் பக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், முன் நெற்றியில் வழுக்கை. பின்னால் அவர் மனைவி, வயிற்றில் கை வைத்து ஒவ்வொரு படியாக ஏறினாள். அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னைய நல்லாப் பாருங்கம்மா" என்றார். "இதுக்கு முன்ன எங்கயாச்சும் பாத்திருக்கியளா?"

பார்த்தேன். "இல்லையே. நீங்க?"

"நாந்தான் சங்கரபாண்டியன். எரநூத்திப் பதினெட்டு."

உட்காருங்கள் என்று சொல்லக்கூட மறந்துபோனேன். அவரே ஸ்டூலை இழுத்து மனைவியை உட்காரவைத்தார். பேச்சியம்மாள் என்று பேர். அவளுக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன். பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருந்திருக்கிறார். வியாழக்கிழமை சேத்தூருக்குத் திரும்பினால் கதவு இடுக்கில் மில் ஆர்டர். பதினோரு வருஷ வேலை. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் தக்க காரணம் காட்டாவிட்டால் டிஸ்மிஸ்.

ஸ்பின்னிங்கில் பல வருஷம் நின்றவர்கள் எல்லோரும் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள். ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். சங்கரபாண்டியன் கோபமே படாமல்தான் பேசினார், ஆனால் கீழே மருந்துக்கடையில் வியாபாரம் நின்றுபோய் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெருவுல நடக்க முடியல. எங்க மாமனார் வீட்டுல, 'அவிய அப்பிடிப்பட்டவிய இல்லையே'ன்னு சொல்லிக்கிட்டே என் மொகத்தப் பாக்காம பேசுதாவ. நா அந்தப் பேச்சப் பேசுனவனா? என் மூத்த பிள்ள எட்டாப்புப் படிக்கா. அவ அந்தப் பேப்பரப் படிச்சுட்டா."

"அந்தக் கேசட்டப் போடும்மா, கேப்போம்" என்றாள் பேச்சியம்மாள்.

போட்டேன். அந்த வாக்கியம் வந்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள். அடுத்து, சங்கரபாண்டியன், டோக்கன் எரநூத்திப் பதினெட்டு என்று அந்தக் குரல் சொன்னது. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "இது நம்ம..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "நீங்க லீவுல இருந்தா உங்க மெஷின யாரு பாப்பா?"

அவர் ஸ்டூலுக்கு அடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டார்.

மில்களில் பதிலி என்று ஒரு முறை உண்டு. நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால், அவர் இடத்தில் அன்றைக்கு நிற்க ஓர் ஆள். அவனுக்கென்று டோக்கன் கிடையாது. யாருக்குப் பதில் வந்தானோ அவர் பேரையும் நம்பரையும் கேட்டில் சொல்லிவிட்டு உள்ளே போவான். வருஷக்கணக்காக அப்படி நின்றால் ஒரு நாள் நிரந்தரம் ஆகலாம். ராஜபாளையத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும். ஆத்திரத்தில் இருந்த அந்தச் சனிக்கிழமை மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"யாருன்னு சொல்லுங்க. மில்லுல நானே வந்து பேசுறேன்" என்றேன்.

சங்கரபாண்டியன் மனைவியைக் கைகொடுத்து எழுப்பினார். "நா சொல்ல மாட்டேன். இன்னொருத்தனப் பிடிச்சுக் குடுக்கிறது என் வேலையில்ல. என் பேர எழுதுனது நீங்க. நீங்கதான் மாத்தணும்."

அது அவ்வளவு நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. நியாயத்துக்கு முன்னால் வரும் கோபம் என்னோடு பிறந்தது, இந்த வயதிலும் போகவில்லை.

சனிக்கிழமை மில்லுக்குப் போனேன். முதலில் டைம் ஆபீஸ். எழுத்தர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். இருநூற்றுப் பதினெட்டின் வரிசையில் பத்து நாளும் வருகை, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடியாக 'ப' என்று ஓர் எழுத்து. பதிலி என்று அர்த்தம். யார் என்று அதில் இல்லை.

"இத ஏன் போன்ல சொல்லல?"

"மொத ஷிப்ட்டா, வருகை உண்டான்னு கேட்டிய. சொன்னேன். யாரு வந்தான்னு நீங்க கேக்கலையேம்மா" என்றார். அவர் மேல் என்ன தப்பு சொல்ல முடியும்? அப்படி ஒரு ஆள் உண்டா என்று நான் சரிபார்த்தேன். என் முன்னால் நின்றவன் அந்த ஆள்தானா என்று பார்க்கவே இல்லை. பிள்ளைகளே, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் பதினோரு வருஷம் விழுந்து கிடந்தது.

மேனேஜர் எனக்குக் காப்பி வரவழைத்தார். நான் எழுதியது தப்பு, நான் பார்த்த ஆள் இவரில்லை என்று சொன்னேன். அவர் முகத்தில் காப்பி ஆறிப்போன மாதிரி ஒரு மாற்றம்.

"அவன் லீவுலதானம்மா இருந்திருக்கான். ஆஸ்பத்திரின்னு லீவ வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கான்னு நாங்க நினைச்சோம்."

"நான் கண்ணால பாத்தவ சொல்றேன். இவரில்ல."

"போன திங்கக்கெழம இவன்னு எழுதுனதும் நீங்கதான." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தணிந்தார். "மொதலாளி ஊர்ப் பெரியவங்க கூட்டத்துல எந்திரிச்சு, பொண்ணுகள மதிக்காதவனுக்கு எங்க மில்லுல எடமில்லன்னு சொல்லிக் கைத்தட்டு வாங்கிட்டாரு. இப்பப் போயி ஆள் மாறிப்போச்சுன்னு நா எப்பிடிச் சொல்ல? சரி, இவன் இல்லன்னா எவன்? அந்த ஆளக் காட்டுங்க. அவனத் தூக்கிட்டு இவன உள்ள விடுறேன்."

"மில்லுக்கு வெளிய, வேலை முடிஞ்ச பொறவு பேசுனதுக்கு மில்லுல எப்படி தண்டனை குடுப்பீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வி போன செவ்வாய்க்கிழமை எனக்குத் தோன்றவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"அவன் பேச்சோட எங்க மில்லு பேரும் சேந்துல்ல வந்துச்சு. போட்டது யாரு?"

சண்டை போடலாம், ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் அந்த மில்லின் பேரைப் போட்டதே அவர்கள் அவனைத் தண்டிக்கட்டும் என்றுதான். தெருவில் என்னைக் கேவலப்படுத்தியவனை அடிக்க எனக்குக் கை எட்டவில்லை, அதனால் மில்லை எடுத்து அடித்தேன். அடி வேறொருவர் மேல் விழுந்தது.

கத்தியது அந்தப் பதிலிதான் என்று அதற்குள் எனக்கு ஓரளவு ஊகம் இருந்தது. அவன் யார் என்று ஸ்பின்னிங்கில் ஒரு வார்த்தை விசாரித்தால் தெரிந்துவிடும். இப்போது அவன் சங்கரபாண்டியன் மெஷினில்தான் நின்றுகொண்டிருந்தான். அவர் டிஸ்மிஸ் ஆனால் அந்த இடம் அவனுக்கே போகலாம். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் கையில் என்ன இருந்தது? ஒரு மனைவி பாதியில் நிறுத்திய பேச்சும், ஓர் ஏட்டின் ஓரத்தில் ஓர் எழுத்தும்தான். இதை வைத்து இன்னொரு பேரைக் கொடுத்தால் நான் மறுபடியும் அதே தப்பைச் செய்கிறவள். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "அப்ப செவ்வாக்கெழம டிஸ்மிஸ்தான்" என்றார்.

மருந்துக்கடை மாடிக்கு வந்து மதுரைக்குப் போன் போட்டேன். செய்தி ஆசிரியர் முழுக்கக் கேட்டார்.

"வருந்துகிறோம்னு மூணு வரி எழுதி அனுப்பு. ஆறாம் பக்கத்துல போடுறேன்."

"தப்பு போனது ரெண்டாம் பக்கம் சார். நாலு பத்தி."

"தெரியும்."

"அதே எடத்துல, அதே அளவுல வேணும். என் பேரப் போட்டு, தப்பு என்னதுன்னு."

நிறைய நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். "உம் பேர நீயே போட்டு நான் தப்புப் பண்ணேன்னு எழுதினா, நாளைக்குத் தெருவுல ஒரு பய அடங்கமாட்டான். இப்பதான் வாய மூடியிருக்கானுக. நிர்வாகம் வேற, பொம்பளைய எதுக்கு நிருபராப் போட்டன்னு எங்கிட்ட கேப்பாங்க. உனக்கு வேலையே இருக்குமோ என்னமோ. யோசிச்சியா?"

"அவருக்கு வேலை செவ்வாக்கெழமை போகுது சார். எனக்கு அதுக்குப் பொறவுதான் போகும்."

"எழுதி சாயங்கால பஸ்ல குடு. ஒரு வரி வெட்ட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது எவ்வளவோ உண்டு. ஆனால் அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது போனில் வந்த அந்த மௌனம்தான்.

எழுதுவதற்கு முன் சேத்தூர் போய்ச் சங்கரபாண்டியனைப் பார்த்தேன். உங்கள் பேரை மறுபடி போடட்டுமா, இல்லை, தொழிலாளி ஒருவர் என்று விட்டுவிடவா என்று கேட்டேன். சிலருக்குப் பேர் திரும்ப வருவதே பிடிக்காது.

"தப்பாப் போடும்போது முழுசாப் போட்டியள்ல. இப்பவும் முழுசாப் போடுங்க. எங்கப்பா பேரையும் சேத்து."

திங்கட்கிழமை அதே இடத்தில் வந்தது. சேத்தூர் கருப்பையா மகன் சங்கரபாண்டியன் அந்த வார்த்தைகளைப் பேசவில்லை, அன்று அவர் இந்த ஊரிலேயே இல்லை, நான் ஆளைப் பார்க்காமல் பேரை மட்டும் சரிபார்த்து எழுதினேன், அந்தத் தப்பு என்னுடையது. கீழே என் பேர். வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்தப் பேப்பரை மில் கேட்டில் ஒட்டிவிட்டார்கள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஆட்கள் நின்று படித்தார்கள். செவ்வாய்க்கிழமை டிஸ்மிஸ் ஆர்டர் வரவில்லை. புதன்கிழமை காலை சங்கரபாண்டியனை உள்ளே விட்டார்கள். வீட்டில் இருந்த நாட்களையும் வேலை நாளாகவே எடுத்துக்கொண்டதாக எழுத்தர் போனில் சொன்னார். இந்தத் தடவை அவராகவே எல்லாவற்றையும் சொன்னார்.

செய்தி ஆசிரியர் சொன்னதும் அப்படியே நடந்தது. தெரு என்னை விடவில்லை. பழைய வாக்கியம் போய்ப் புதுசு வந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், "ஏலே, எரநூத்திப் பதினெட்டு வருது" என்று ஒரு குரல் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்காரரிடம் பேர் கேட்டதற்கு, "நெசப்பேரு சொல்லவா, வேற யாரு பேராச்சும் சொல்லவா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்கவைத்தார். நானும் சிரித்துவிட்டு, "நெசப்பேரே சொல்லுங்கண்ணாச்சி, சரிபாத்துக்கிடுறேன்" என்றேன். ரோஷம் இல்லையா என்றால், உண்டு. ஆனால் இந்தக் கேலிக்கு நான் காரணம். அதைத் தாங்கிக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை அதே பஸ் ஸ்டாண்ட் வாசல், அதே மூன்றரை மணி. மைக்கோடு நின்றேன். "எரநூத்திப் பதினெட்டு" கேலி ஆரம்பமாகிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். கட்டம் போட்ட சட்டை. தலையில் இன்று பஞ்சு இல்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மறுபடி கத்தப் போகிறான் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்க நெருங்கினார்கள்.

அவன் மைக்கில் குனிந்து ஒரு பேரைச் சொன்னான். அவன் பேர். அப்பா பேர். பிறகு, "டோக்கன் கெடையாது. பதிலி" என்றான். "அன்னைக்குக் கத்துனது நாந்தான்."

சுற்றிலும் யாரும் சிரிக்கவில்லை.

"அவரு பேர எதுக்குச் சொன்னீங்க?"

"நாலஞ்சு நாளா கேட்டுல அந்தப் பேரச் சொல்லித்தான் உள்ள போய்க்கிட்டிருந்தேன். நீங்க வெடுக்குன்னு கேட்டதும் வாயில அதான் வந்துச்சு. பேப்பர்ல போடுவியன்னு நெனைக்கல."

"போட்ட பொறவு?"

தலையைக் குனிந்துகொண்டான். "பயந்துட்டேன். அவரு எடமும் கெடைக்கும்னு வீட்டுல சொன்னாவ. புதங்கெழம அவரு வந்தாரு, நா பக்கத்து மெஷின்ல வேறொருத்தருக்குப் பதிலா நின்னேன். ரெண்டு போடு போடுவாரு, நாலு பேரு முன்ன திட்டுவாருன்னு நெனைச்சேன். ஒண்ணுஞ் சொல்லல. எடவேளையில டீ வாங்கியாந்து குடுத்தாரு. மூணு நாளும் குடுத்தாரு. என்னால குடிக்க ஏலல. இன்னைக்குக் காலையில மேனேஜர்ட்டப் போயிச் சொல்லிட்டேன். பதிலி லிஸ்ட்டுல இருந்து அடிச்சுட்டாவ."

எனக்கு அவன் மேல் இரக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பொய் சொல்லமாட்டேன். அவன் சொன்ன வாக்கியம் எத்தனை ஊரில், எத்தனை வாயில் என் பின்னாலேயே வந்தது என்று எனக்குத்தான் தெரியும். தப்புச் செய்தவன் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அவன் தன் பேரைத் தன் வாயால் சொல்லி அந்த விலையைக் கொடுத்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லணும்னு தோணலயா?" என்று கேட்டேன்.

"மன்னிச்சிருங்கக்கா."

"நாளாகும்" என்றேன். அவன் தலையாட்டினான். நியாயம்தான் என்கிற மாதிரி. பிறகு, "எழுதிக்கோங்க. பேரப் போட்டுக்கோங்க" என்றான்.

டேப்பை நிறுத்தினேன். அந்த வாரத் திங்கட்கிழமைப் பகுதியில் தண்ணீர்க் கஷ்டம்தான் வந்தது.

கேலியும் கத்தலும் அதோடு ஒழிந்ததா? முழுக்க ஒழியவில்லை. ஆனால் யாராவது ஒருவன் வாயைத் திறந்தால் கூட்டத்திலிருந்தே இன்னொருவன், "ஏலே, சும்மா இரு. அந்தக்கா பேரு கேக்கும்" என்பான். கேட்பேன்தான். பேரைக் கேட்டுவிட்டு முகத்தையும் நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அவனைத் தெரிந்த ஒருவரிடம், நான் பார்த்த ஆள் இன்ன மாதிரி இருந்தான், அவன்தானா என்று கேட்டு முடிக்காமல் ஒரு பேரையும் அதன் பிறகு நான் எழுதவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரனை மறுபடி பதிலி லிஸ்ட்டில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். யார் சிபாரிசு என்று விசாரித்தேன். இருநூற்றுப் பதினெட்டு என்றார்கள்.

அதனால்தான் அம்மா, போன வாரம் உன்னிடம் அந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்டேன். அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலில் அவன் குரலில் இன்னொருவர் பேர் இருக்கும், கடைசியில் அதே குரலில் அவன் பேர் இருக்கும். அந்தப் பேரை நான் பத்திரிகையில் எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை. அவனே சொல்லிவிட்டான்.